கல்லு எந்தப் பக்கம்?

1

ஒல்லாந்துக்கு வந்து ஆறு வருடம் நிறைந்த அன்று காலை காக்கா ஒரு படம் அனுப்பியிருந்தார். காக்கா என்றால் என் அண்ணன். இலங்கையின் கிழக்குக் கரையில், சாய்ந்தமருதில் மூத்த சகோதரனை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம். இங்கே வந்த புதிதில் மதுரைப் பக்கத்துப் பெண் ஒருத்தியிடம், "எங்கள் காக்கா தினமும் கடலுக்குப் போய் மீன் பிடிப்பார்" என்றேன். அவள் ஜன்னலுக்கு வெளியே வானத்தைப் பார்த்தாள். அன்றிலிருந்து விளக்கம் சொல்லிவிட்டுத்தான் பேச்சைத் தொடங்குகிறேன்.

அந்தப் படம் ஆறு வருடத்துக்கான வாழ்த்து அல்ல. அந்தக் கணக்கெல்லாம் அவருக்குத் தெரியாது. போனைப் பொலித்தீன் பைக்குள் போட்டு, தோணியிலிருந்து தண்ணீருக்குள் கையை விட்டு எடுத்திருந்தார். பழுப்பு நிறத்தில், கிளைகள் தாழப் படர்ந்த ஒரு புதர். கிளை நுனிகள் மட்டும் வெளிறியிருந்தன. படத்துக்குக் கீழே அவருடைய குரல்: "இந்தா தங்கச்சி, உன்ட கல்லு. நல்லாப் பூத்திரிக்கி."

கல்லு என்றால் முருகைக்கல். புத்தகத்தில் பவளம் என்பார்கள். எங்கள் கரையில் கிளை விட்டதும் கல்லு, உருண்டதும் கல்லு, தட்டையானதும் கல்லு. வாப்பாவின் காலத்தில் அதைச் சுட்டுச் சுண்ணாம்பாக்கி வீடு கட்டினார்கள். எங்கள் வீட்டுச் சுவருக்குள்ளும் அது இருக்கிறது. இங்கே ஒரு ஆய்வுகூடத்தில், கண்ணாடித் தொட்டிகளில் அதே கல்லை வளர்ப்பதுதான் என் வேலை. சேர்ந்த முதல் மாதம், கூட்டம் ஒன்றில் வாய் தவறி அதைக் 'கல்' என்றேன். "அது கல் இல்லை, பிராணி" என்று ஒருவர் திருத்தினார். நல்லெண்ணத்தோடுதான் எல்லோரும் சிரித்தார்கள். எனக்குத் தெரியாமலா அந்த வேலைக்கு வந்தேன்? எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தைக் கடைசி வகுப்பு வரை பார்த்த முதல் ஆள் நான். இப்படிப்பட்ட சிரிப்புகளை நான் மறப்பதில்லை.

காக்காவின் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். எங்கள் மூன்றாம் தொட்டியில் இருக்கும் இனம் அது. உலகத்தில் அழிந்துகொண்டிருப்பவற்றின் வரிசையில் சேர்த்திருக்கிறார்கள். எங்களிடம் இருப்பவை எல்லாம் ஒரே தாய்ப் புதரிலிருந்து ஒடித்து நட்ட துண்டுகள். விளக்கை நிலவைப் போல வளரவும் தேயவும் விட்டு, தண்ணீரின் சூட்டைப் பருவத்துக்குப் பருவம் மாற்றி, அவற்றை முட்டையிட வைக்கிறோம். முட்டைகள் வருகின்றன. ஆனால் கரு தரிப்பதில்லை. தன் உடம்பிலிருந்து ஒடித்த துண்டோடு அது பிள்ளை பெறாது. வேறொரு தாய் வேண்டும்.

அந்த வேறொரு தாய், எங்கள் காக்காவின் தோணிக்குக் கீழே பூத்திருந்தது.

2

என் மேலதிகாரியின் பெயர் மரைக்கா. ஒல்லாந்தில் பெண்களுக்கு வைக்கும் சாதாரணப் பெயர். அதைக் கேட்டபோது காக்கா விழுந்து விழுந்து சிரித்தார். எங்கள் ஊரில் மரைக்கார் என்றால் ஒவ்வொரு குடிக்கும் பள்ளிவாசலில் இருக்கும் பெரிய மனிதர்.

"ஒல்லாந்திலயும் மரைக்காரா? எந்தக் குடிக்குகா?"

"பெயர்தான் காக்கா. பொம்பள."

"பொம்பள மரைக்காரா! நம்மட பள்ளிக்கு ஒண்டு அனுப்பிவிடு."

மரைக்காவிடம் படத்தைக் காட்டினேன். கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தார், போட்டுக்கொண்டு பார்த்தார். பிறகு ஒரே ஒரு சொல் கேட்டார்.

"எங்கே?"

அவருக்கு அது சாதாரணக் கேள்வி. எங்கள் கரையில் அதைவிட மரியாதைகெட்ட கேள்வி கிடையாது. தோணியிலிருந்து மீனோடு இறங்கும் ஒருவரிடம் எங்கே பிடித்தாய் என்று யாரும் கேட்கமாட்டார்கள். வெளியூரார் கேட்டால் பதில் கிடைக்கும், கையையும் நீட்டிக் காட்டுவார்கள். ஆனால் கை வடக்கே நீண்டால் மீன் தெற்கே என்று பொருள். அதை எவரும் பொய் என்று எடுப்பதில்லை. ஐந்து வேளையும் தொழுகிற, வட்டிப் பக்கம் தலைவைத்தும் படுக்காத மனிதர்கள்தான் அப்படிக் கை நீட்டுவார்கள். எங்கள் வீட்டில் அதற்குக் கரைக்கதை என்று பெயர். வாசல் படலையைச் சாத்திவிட்டு, சோற்றுக்கு முன்னால் உட்கார்ந்து சொல்வது வீட்டுக்கதை. சின்ன வயதில் நான் வாப்பாவுக்கும் காக்காவுக்கும் நடுவில் உட்கார்ந்து வீட்டுக்கதை கேட்டவள்.

மரைக்காவின் 'எங்கே' கேட்டதும் எனக்குள் ஏதோ படலையைச் சாத்திக்கொண்டது. எதற்கு இவ்வளவு அவசரம்? இந்தப் படம் வராவிட்டால் எங்கள் ஊர்ப் பெயரை இவர் ஒழுங்காக உச்சரித்திருப்பாரா? என்றாலும் மூன்றாம் தொட்டியையும் நினைத்தேன்.

"கேட்டுச் சொல்கிறேன்" என்றேன்.

3

நான் சந்தேகம் பிடித்தவள் என்று என் கணவர் சொல்வார். இந்த நாட்டில் ஆறு வருடம் இருந்தால் யாருக்கும் அது வரும்.

இங்கே அலுவலகத்தைக் கந்தோர் என்கிறார்கள். எங்கள் ஊரிலும் கந்தோர்தான். முந்நூறு வருடத்துக்கு முன் இவர்கள் எங்கள் கரையில் விட்டுவிட்டு வந்த சொல். முதல் முறை ஒரு கதவில் அதைப் படித்தபோது சொந்தக்காரர் வீட்டுக்கு வந்ததுபோல இருந்தது. உள்ளே போன பிறகு தெரிந்தது, கந்தோர் எங்கும் கந்தோர்தான் என்று. வதிவிட அனுமதியைப் புதுப்பிக்கப் போகும்போதெல்லாம் ஒரே கேள்விகளைக் கேட்பார்கள், வேறு வேறு ஆட்கள் மூலம். போன முறை சொன்னதும் இந்த முறை சொல்வதும் ஒத்துப்போகிறதா என்று பார்க்கத்தான். வெளியே வந்ததும் நான் சொன்னதையெல்லாம் மனதுக்குள் ஒருமுறை ஓட்டிப் பார்ப்பேன், மறுமுறைக்காக.

ஊரிலும் கேட்டார்கள். சுனாமிக்குப் பிறகு, நான் சிறுமியாக இருந்த நாட்களில், வரைபடமும் கமராவுமாக ஆட்கள் வந்தார்கள். வீடு எங்கே இருந்தது, தோணி எங்கே கட்டினீர்கள் என்று அன்பாகக் கேட்டார்கள். உம்மா எல்லாவற்றையும் காட்டினார். பிறகு கடலிலிருந்து ஒரு கோடு கீறி, இதற்குள் வீடு கட்டக்கூடாது என்றார்கள். உம்மா காட்டிய இடமெல்லாம் கோட்டுக்குள் இருந்தது. கேட்டவர்களும் கோடு கீறியவர்களும் ஒரே ஆட்களா என்பது எனக்கு இன்றைக்கும் தெரியாது. அதனால் இரு தரப்பையும் நம்புவதில்லை.

என் மகளுக்கு இதெல்லாம் புரியாது. இந்த இலையுதிர் காலத்தில், பூங்காவுக்குப் பின்னால் யாரும் காணாத ஒரு செஸ்ட்நட் மரத்தைக் கண்டுபிடித்தாள். இரண்டு பையும் நிறையப் பொறுக்கி வந்தாள். மறுநாள் வகுப்புப் பிள்ளைகள் எங்கே என்று கேட்டதும், கையைப் பிடித்து மரத்தடிக்கே கூட்டிப் போய்விட்டாள். அன்று மாலை அங்கே ஒரு கொட்டைகூட இல்லை.

"ஏன் மகள் காட்டினாய்?"

"கேட்டாங்களே உம்மா."

"இனி உனக்கு இல்லையே."

"அது என் மரம் இல்லையே" என்றாள், ஒல்லாந்து மொழியில். தமிழில் கேட்டால் அந்த மொழியில்தான் பதில் வருகிறது. அவளுக்குக் கோபமில்லை, வருத்தமும் இல்லை. இந்தப் பிள்ளை யாருடைய கரையில் வளர்கிறது என்று எனக்குத்தான் அன்றிரவு சோறு இறங்கவில்லை.

4

மரைக்காவுக்கு வாக்குக் கொடுத்தபடி காக்காவை அழைத்தேன்.

"அந்தக் கல்லு எந்தப் பக்கம் காக்கா?"

"எதுக்குகா? வந்து வலை போடப் போறயா?"

விளக்கினேன். அழிந்து வரும் இனம் என்றேன். எங்களிடம் இருப்பதெல்லாம் ஒரே தாயின் துண்டுகள் என்றேன். ஊர்ப் பல்கலைக்கழகத்து மாணவர்கள் போய்ப் பார்ப்பார்கள், இரண்டு நாட்டு அனுமதியும் கிடைத்தால் விரல் அளவு துண்டு ஒன்று எடுப்பார்கள், அவ்வளவுதான் என்றேன்.

"கல்லுக்கு மாப்பிள்ள தேடுறீங்க."

"ஓம், அப்பிடித்தான்."

"சீதனம் என்ன?"

"பகிடி விடாதீங்க காக்கா."

"கல்லு அழியிதெண்டு ஒல்லாந்தில கவல. டீசல் விலயில நான் அழியிறன், எனக்கு ஒரு மரைக்கார் இல்ல." பின்னால் யாரோ தோணி தள்ளும் சத்தம் கேட்டது. "சரி, நான் பேசி அனுப்புறன், கேட்டு எழுதிக்க."

பத்து நிமிடத்தில் குரல் பதிவு வந்தது. எவ்வளவு ஒழுங்காகச் சொல்லியிருந்தார்! கரையிலிருந்து வடக்கே ஓட வேண்டும். மருதமுனைக்கு நேரே வந்ததும் பள்ளிவாசல் மினாராவையும் பின்னால் தெரியும் தண்ணீர்த் தாங்கியையும் ஒரே கோட்டுக்குக் கொண்டுவர வேண்டும். அங்கிருந்து இன்னும் கொஞ்சம் வடக்கு, ஒரு சிகரட் புகைக்கும் நேரம். "அதுதான் இடம். வேற ஒத்தருக்கும் சொல்லயில்ல" என்று முடித்திருந்தார்.

எனக்குப் பெருமை தாங்கவில்லை. கரையில் ஒருவரும் ஒருவருக்கும் சொல்லாததை எனக்குச் சொல்லியிருக்கிறார். ஆறு வருடம் தள்ளியிருந்தாலும் நான் இன்னும் படலைக்கு உள்ளேதான். மரைக்காவுக்காக வரைபடத்தில் புள்ளி வைத்தபோது என் தலை நிமிர்ந்தே இருந்தது.

5

மாணவர்கள் கடல் அமைதியான ஒரு காலையில் போனார்கள். மினாராவையும் தாங்கியையும் கோட்டுக்குக் கொண்டுவந்தார்கள். குதித்தார்கள். அன்று மாலை மரைக்காவின் கணினியில் அந்தக் காணொளியை இருவரும் பார்த்தோம். மணல். மேலும் மணல். ஒரு லொறி டயர். டயருக்குள்ளிருந்து ஒரு விலாங்கு தலையை நீட்டி எங்களைப் பார்த்தது.

"உங்கள் சகோதரர் இடத்தைத் தவறாக நினைவு வைத்திருக்கலாமா?" என்று மரைக்கா கேட்டார்.

கேள்வி மென்மையானது. அதற்குள் வேறு கேள்வி இருந்ததா என்று இன்றுவரை யோசிக்கிறேன். படம் உண்மையில் உங்கள் கரையில் எடுத்ததுதானா? அல்லது, நீங்கள் வேண்டுமென்றேவா? நான் முகத்தைப் பார்த்தேன். அவரும் என் முகத்தைப் பார்த்தார். இருவரும் ஒருவரையொருவர் கந்தோர் ஆட்களைப் போலப் பார்த்துக்கொண்டோம்.

"எங்கள் காக்கா கடலில் இடம் மறப்பவர் இல்லை" என்றேன். சொன்ன பிறகுதான் அதன் பொருள் எனக்கே உறைத்தது. மறக்கவில்லை என்றால்?

காணொளி எடுத்த மாணவர்களில் யாராவது உண்மையான இடத்தைக் கண்டுபிடித்துவிட்டு மறைக்கிறார்களா என்றும் யோசித்தேன். காக்கா வேறு யாருக்காவது அதை விற்றுவிட்டாரா என்றும் யோசித்தேன். நினைக்கக் கூடாத எல்லாவற்றையும் நினைத்தேன்.

வீட்டுக்கு வரும் ரயிலில் காக்காவின் குரல் பதிவை மறுபடி கேட்டேன். மூன்றாவது முறை கேட்கும்போது ஒரு சொல் காதில் முள்ளாகக் குத்தியது.

வடக்கு.

எங்கள் வீட்டில் வடக்கு என்ற சொல்லே கிடையாது. நான் பள்ளிக்கூடத்தில் போய்த்தான் அதைப் படித்தேன். கடலுக்குப் போகிற வீட்டில் திசைக்குக் காற்றின் பெயர். வடக்கேயிருந்து வருவது வாடை, தெற்கேயிருந்து வருவது சோழகம். வாடைப் பக்கம் ஓடினேன், சோழகப் பக்கம் திரும்பினேன் என்றுதான் வாப்பா சொல்வார், காக்கா சொல்வார். வடக்கு, தெற்கு என்பதெல்லாம் பொலிஸ்காரருக்கும் ஐஸ் லொறிக்காரருக்கும் கேள்வி கேட்கும் வெளியூராருக்கும் வைத்திருக்கும் சொற்கள்.

மருதமுனை, மினாரா, தண்ணீர்த் தாங்கி, வடக்கு. ஒழுங்கான, அழகான கரைக்கதை. நான் பள்ளிக்கூடத்துச் சொல்லுக்குப் பழகிப்போனதால் காது கூசவில்லை.

6

ரயில் நிலையத்தில் நின்றுகொண்டே அழைத்தேன்.

"காக்கா, எனக்குக் கரைக்கதையா சொன்னீங்க?"

"ஆரு சொன்ன?"

"நீங்கதான். வடக்கு எண்டீங்க. எப்பயிலிருந்து நம்மட வீட்டில வடக்கு?"

சிரித்துவிட்டார். "படிச்ச புள்ளதான். ஆனா நீ பிந்தித்தான் புடிச்சிரிக்கா."

"சிரிக்காதீங்க. நான் ஒங்களுக்கு ஆரு? யாவாரியா?"

"நீ ஆருக்குக் கேட்டகா?" இப்போது அவர் குரலில் சிரிப்பில்லை. "ஒனக்குக் கேட்டியா, மரைக்காருக்குக் கேட்டியா?"

பதிலுக்குக் காத்திராமல் அவரே தொடர்ந்தார்.

"போன வருசம் ஒருத்தன் வேறொரு கல்ல வீடியோ எடுத்து பேஸ்புக்கில போட்டான். அழகாத்தான் இருந்திச்சி. பொறகு சிலிண்டரோட ஆக்கள் வந்தானுகள். அலவாங்கால கல்ல உடச்சி, மீன்தொட்டிக்காம், பொட்டியில அடுக்கிக்கிட்டுப் போனானுகள். இப்ப அங்க போனா வலை வெறுமனேதான் வருது. இந்தக் கல்லு நம்மட ஊட்டுக்கு மட்டும் தெரியட்டும் எண்டுதான் படம் அனுப்பின. நீ அதக் கொண்டுபோய்க் கந்தோரில காட்டிட்டா."

"உடைக்கிற ஆக்கள் இல்ல காக்கா இவங்க."

"இவங்க உடைக்க மாட்டாங்க. இவங்கட கடதாசியப் பாத்து வாறவன்? கல்ல வளைச்சிக் கயிறு கட்டி, தோணி வரப்படாது எண்டு போர்டு போடுறவன்? நீ ஆணையிட்டுச் சொல்லுவியா?"

என்னால் ஆணையிட முடியவில்லை. அது அவருக்கும் தெரிந்தது. சமாதானமாகப் பேசத் தொடங்கினார்.

"விடுகா. கல்லு நல்லம். நான் நங்கூரமும் போடுற இல்ல அதில. முந்தாநாள் பாத்தன். முழுசாப் பூத்திட்டு. நீ பாத்த மாதிரி இல்ல இப்ப, அடியிலிருந்து நுனி மட்டும் வெள்ள வெளேரெண்டு. மல்லியப் பூ மாதிரி."

ரயில் ஒன்று வந்து நின்று போனது. நான் ஏறவில்லை.

"காக்கா, நுனி மட்டும் வெள்ளையா இருந்தா அது வளருது. முழுக்க வெள்ளையா இருந்தா அது பூக்கல்ல. அது பட்டினி."

"என்னகா சொல்லுற?"

"கல்லுக்குள்ள சின்னச் செடி இரிக்கி. அதுதான் சோறு போடுற, நிறம் குடுக்கிற. தண்ணி சுட்டா கல்லு அந்தச் செடியத் துப்பிடும். நீங்க பாக்கிறது எலும்பு. கெதியாத் தண்ணி குளிந்தா தப்பும். இல்லாட்டி மவுத்து."

"சும்மா சொல்லாத. இது மரைக்கார் சொல்லித் தந்ததா?"

"இல்ல. இது நான் படிச்சது."

என்னை நம்பாமல் இருப்பதற்கு அவருக்கு ஏகப்பட்ட நியாயம் இருந்தது. கடைசியில், "தண்ணி சுடுதுதான்" என்றார். "குதிச்சாக் காலுக்குத் தெரியிது. நான் பூத்திரிக்கி எண்டு ஊட்டில எல்லாத்துக்கும் காட்டினன்."

பிறகு சொன்னார். ஓட வேண்டிய பக்கம், கோட்டுக்குக் கொண்டுவர வேண்டிய இரண்டு அடையாளங்கள், ஓட வேண்டிய நேரம். எல்லாம் வேறு. எல்லாவற்றுக்கும் காற்றின் பெயர்.

"எழுதாத. தலைக்குள்ள வெச்சிக்க."

7

மறைத்தால் உடைக்கிறவனிடமிருந்து தப்பும், சூட்டிலிருந்து தப்பாது. காட்டினால் அதன் வம்சம் எங்காவது மிஞ்சும், ஆனால் அந்த இடம் யார் யார் கையில் போய்ச் சேரும் என்று எனக்குத் தெரியாது. இதை வைத்துக்கொண்டு பல நாள் தொட்டி கழுவினேன்.

பிறகு மரைக்காவிடம் போய், இடத்தைச் சொல்லமாட்டேன் என்றேன். காக்காவின் நிபந்தனைகளை அப்படியே மொழிபெயர்த்தேன். ஊர்ப் பல்கலைக்கழகத்திலிருந்து ஒரே ஒருவர் வரலாம். காக்காவின் தோணி. போன் கரையில் இருக்க வேண்டும். நேரே போகமாட்டார், சுற்றிச் சுற்றித்தான் கொண்டுபோவார். ஆவணத்தில் அம்பாறை மாவட்டக் கரை என்று மட்டும் எழுத வேண்டும்.

மரைக்கா ஆத்திரப்படுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் ஆத்திரப்படவில்லை. அரிய உயிர்களின் இடத்தை மங்கலாகப் பதிவது வழக்கம்தான், அதற்கு விதி இருக்கிறது, மேலிடத்தில் பேசி ஒப்புக்கொள்ள வைக்கிறேன் என்றார். அப்படியே செய்தும் காட்டினார். அப்படி ஒரு விதி இருந்தால் முதல் நாளே ஏன் சொல்லவில்லை? கேட்டேன். "நீங்கள் கேட்கவில்லையே" என்றார். என் மகளும் இதே நாட்டுப் பள்ளிக்கூடத்தில்தான் படிக்கிறாள்.

ஒன்றை அவர் சொல்லவில்லை, எனக்குத்தான் நினைவு வந்தது. கடலடியில் இறங்கும் சுழியோடிகள் கையில் கட்டும் மணிக்கூடு, போன இடத்தைத் தானே பதிந்து வைக்கும். காக்காவிடம் சொன்னேன்.

"மணிக்கூட்டயும் கழட்டட்டும்" என்றார். "மோதிரம் எதுவும் படம் புடிக்குமாகா?"

துண்டு எடுக்கும் அனுமதி இன்னும் வரவில்லை. நேற்று காக்கா புதுப் படம் அனுப்பினார். மேல் கிளைகள் வெள்ளையாகவே இருக்கின்றன. சிலவற்றில் பாசி பிடிக்கத் தொடங்கிவிட்டது, அவை போய்விட்டன. நிழல் விழும் கீழ்ப் பக்கத்தில் பழுப்பு மெல்லத் திரும்புகிறது. அங்கிருந்து ஒரு விரல் அளவு கிடைத்தால் போதும். பூத்திரிக்கி என்று இந்த முறை அவர் சொல்லவில்லை. "இன்னும் ஹயாத்து இரிக்கி" என்றார், உயிர் இருக்கிறது என்று.

இந்தக் குறிப்பை ஊரில் படிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. மருதமுனைக்கு நேரே ஓடி ஏமாறாதீர்கள், அங்கே டயரும் விலாங்கும்தான். அப்படியானால் எதிர்ப் பக்கம், சோழகப் பக்கம் என்று சிலர் இப்போதே கணக்குப் போட்டிருப்பீர்கள். மினாராவை விட்டுவிட்டு வேறு எதைப் பிடிப்பது என்றும் யோசித்திருப்பீர்கள். போட்ட கணக்கை அழித்துவிடுங்கள். காக்கா முதலில் எனக்குச் சொன்ன பக்கமும் இங்கே எழுதியிருக்கும் பக்கம் இல்லை. ஊரும் அந்த ஊர் இல்லை. டயர் மட்டும் உண்மை.

காக்கா எனக்குச் சொன்னது வீட்டுக்கதை. நான் உங்களுக்கு எழுதியது கரைக்கதை. நானும் அந்தக் கரைக்காரிதான்.